'ஹேஸ்' எங்கே வரும், எங்கே வராது?

வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலத்தின் பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் குறித்துச் சந்தேகங்கள் இருந்தால் எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' என்ற துணைவினையோடு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் சேர்ந்து வருவதையே இந்தப் பெயரால் குறிக்கிறோம்: 'ஐ ஹேவ் சீன்', 'ஷீ ஹேஸ் ரிட்டன்' என்பவை போல. ஒரே தன்மையுள்ள கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறேன்.

மண்ணடியில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், ஐயா. துறைமுகத்துக்குச் சரக்கு வந்ததும் இறக்குமதியாளருக்கு மின்னஞ்சல் எழுதுவது என் பொறுப்பு. 'தி கன்டெய்னர் ஹேஸ் அரைவ்டு எஸ்டர்டே' என்று எழுதிக் காட்டினேன். மேலாளர் 'ஹேஸ்' என்பதை அடித்துவிட்டுக் கொடுத்தார், காரணம் சொல்லவில்லை. 'கன்டெய்னர் நேற்று வந்திருக்கிறது' என்றுதானே நாம் சொல்கிறோம்? – மண்ணடி வாசகர்

மேலாளர் திருத்தியது சரி. காரணத்தையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

தமிழில் 'கன்டெய்னர் நேற்று வந்திருக்கிறது' என்பது குற்றமற்ற வாக்கியம். அது வந்ததை நாம் நேரில் பார்க்கவில்லை, தாள்களைப் பார்த்தோ பிறர் சொல்லக் கேட்டோ தெரிந்துகொண்டோம் என்ற குறிப்பையும் அங்கே 'இருக்கிறது' சுமந்து நிற்கிறது. அதனால்தான் நேற்று, போன வாரம், சென்ற ஆண்டு என்று எந்தச் சொல்லோடும் அது பிணக்கில்லாமல் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தின் 'ஹேஸ் அரைவ்டு' என்பதற்கு அந்த வேலை இல்லை. பேசுகின்ற இந்த நேரத்தில் நிலைமை என்ன என்பதைச் சொல்வது மட்டுமே அதன் வேலை. முடிந்துபோன ஒரு காலத்தை நீங்கள் வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிட்டால் பேச்சு அந்தக் காலத்துக்குப் போய்விடுகிறது; பிறகு 'ஹேஸ்' அங்கே நிற்காது.

ஆகவே உங்களுக்கு முன்னால் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. 'தி கன்டெய்னர் ஹேஸ் அரைவ்டு' என்று எழுதினால், பெட்டி இப்போது துறைமுகத்தில் இருக்கிறது, அடுத்த வேலையைத் தொடங்கலாம் என்று இறக்குமதியாளர் புரிந்துகொள்வார். 'தி கன்டெய்னர் அரைவ்டு எஸ்டர்டே' என்று எழுதினால், வந்த நாள் எது என்பது அவருக்குத் தெரியும். கட்டணமின்றி வைத்திருக்கத் தரப்படும் நாள்களை எண்ணுவதற்கு அவருக்கு அந்தத் தேதி வேண்டும். நல்ல மின்னஞ்சலில் இரண்டும் அடுத்தடுத்து வரலாம்: 'தி கன்டெய்னர் ஹேஸ் அரைவ்டு. இட் வாஸ் அன்லோடட் லாஸ்ட் நைட்.' முதல் வாக்கியம் செய்தி. இரண்டாவது அதன் விவரம். இதே போல், சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணத்தைப் பற்றி 'தி பில் ஆஃப் என்ட்ரி ஹேஸ் பீன் ஃபைல்டு' என்று தெரிவித்துவிட்டு, எப்போது என்று அவர் கேட்டால் 'வீ ஃபைல்டு இட் ஆன் மண்டே' என்று பதில் எழுத வேண்டும்.

செய்தித்தாள்களும் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன. வடசென்னையைச் சேர்ந்த கேரம் வீராங்கனை காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 3 தங்கப் பதக்கங்களை வென்றார். அந்த வாரத்தில் அதை முதன்முதலாகச் சொன்ன ஒருவர் 'காசிமா ஹேஸ் வன் த்ரீ கோல்டு மெடல்ஸ்' என்று தொடங்கியிருப்பார். எந்தப் போட்டியில், எந்த நாளில், யாரை வென்று என்று விவரிக்கப் புகுந்ததும் 'ஷீ வன்', 'ஷீ பீட்' என்று சிம்பிள் பாஸ்டுக்கு, அதாவது 'ஹேவ்' சேராத வெறும் இறந்தகாலத்துக்கு, மாறியிருப்பார். இன்று நீங்கள் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதினால் 'ஷீ வன் த்ரீ கோல்டு மெடல்ஸ் இன் 2024' என்பதே சரி.

எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019, அட் டென் ஓ கிளாக் ஆகியவை எல்லாம் 'ஹேஸ்' என்பதை விரட்டும் சொற்கள். இந்த வரிசையில் பலர் மறந்துவிடுவது 'வென்' என்ற கேள்விச்சொல்லை. 'வென் ஹேவ் யூ கம்?' என்று அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. 'வென் டிட் யூ கம்?' என்பதே முறை.

'டுடே', 'திஸ் மார்னிங்' ஆகியவையும் முடிந்த காலம்தானா? – மூலக்கடை வாசகர்

கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில் இது. காலை 11 மணிக்கு 'ஐ ஹேவ் ஹேட் த்ரீ டீஸ் திஸ் மார்னிங்' என்று சொல்லலாம். காலைப் பொழுது இன்னும் முடியவில்லை, நான்காவது டீக்கும் இடம் இருக்கிறது. அதையே மாலை 4 மணிக்குச் சொல்ல நேர்ந்தால் 'ஐ ஹேட் த்ரீ டீஸ் திஸ் மார்னிங்' என்றாகிவிடும். 'டுடே', 'திஸ் வீக்', 'திஸ் இயர்' ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'சற்று முன் முடிந்த செயலைக் குறிப்பது பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என்று அவளுடைய கைடில் போட்டிருக்கிறது. முடிந்த செயலுக்குப் 'பிரசன்ட்' என்று ஏன் பெயர் என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. – கொருக்குப்பேட்டை வாசகி

உங்கள் மகள் கேட்டது கைடு எழுதியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்த வரையறை பாதிதான் உண்மை. 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஃபினிஷ்டு மை ஹோம்வொர்க்' போன்ற வாக்கியங்களுக்கு அது பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது. 'ஹேவ்' என்பது நிகழ்கால வினை என்பதைக் கவனியுங்கள். பேசுபவர் 'இப்போது' என்ற இடத்தில் நின்றபடி, அங்கிருந்து பின்னோக்கிப் பார்க்கிறார். செயல் எவ்வளவு பழையது என்பது இங்கே பொருட்டே அன்று.

உங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லாத இராயபுரம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் புறப்பட்டது; அந்தப் பழைய கட்டடம் இன்றும் அங்கேயே நிற்கிறது. ரயில் புறப்பட்டது அன்றோடு முடிந்த செயல்; எனவே 'தி ஃபர்ஸ்ட் ட்ரெயின் லெஃப்ட் இராயபுரம் இன் 1856.' கட்டடம் நிற்பது முடியவில்லை. எனவே 'தி ஸ்டேஷன் ஹேஸ் ஸ்டுட் ஹியர் சின்ஸ் 1856.' இரண்டிலும் ஆண்டு ஒன்றே, இரண்டும் நூற்றாண்டுக்கு முந்தைய செய்திகளே. ஆனாலும் ஒன்றில் 'ஹேஸ்' வருகிறது, மற்றொன்றில் வரவில்லை. 'சற்று முன்' என்ற விதியை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது இது இன்னும் தெளிவாகப் புலப்படும். வள்ளலார் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்தவர். அவரைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்களில் சிலர் 'வள்ளலார் ஹேஸ் லிவ்டு இன் செவன் வெல்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் 'வாழ்ந்திருக்கிறார்' என்பது இயல்பாக இருப்பதால் வரும் பிழை இது. 1874-இல் மறைந்துவிட்ட ஒருவருடைய வாழ்வைப் பேசுபவரின் 'இப்போது' என்ற புள்ளியோடு இணைக்க வழியில்லை. 'லிவ்டு' என்றே எழுத வேண்டும். அதே தெருவில் இன்றும் குடியிருக்கும் உங்கள் பாட்டியைப் பற்றி என்றால், 'மை கிராண்ட்மதர் ஹேஸ் லிவ்டு இன் செவன் வெல்ஸ் ஆல் ஹர் லைஃப்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

நேர்காணலில் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபோர் இயர்ஸ்' என்றேன். உடன் வந்த நண்பன் அது தவறு என்கிறான். நான்கு வருடமாக வேலை செய்கிறேன் என்பதை வேறு எப்படிச் சொல்வது? 'ஐ வொர்க்டு' என்று மாற்றிக்கொள்ளலாமா? – தண்டையார்பேட்டை வாசகர்

உங்கள் வாக்கியத்தில் பிழைகள் இரண்டு. மாற்றுவதாக நீங்கள் சொல்லும் வடிவம் அவற்றைவிட ஆபத்தானது.

'நான்கு வருடமாக வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் வொர்க்கிங்' என்று வாயில் வந்துவிடுகிறது. கடந்த காலத்தில் தொடங்கி இன்றுவரை நீடிக்கும் செயலுக்கு, அதன் நீளத்தையோ தொடக்கத்தையோ சொல்லும்போது ஆங்கிலம் பெர்ஃபெக்ட் வடிவத்தைக் கேட்கிறது. 'ஐ ஹேவ் வொர்க்டு ஹியர்' என்றாலும் சரி, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர்' என்றாலும் சரி. இந்த இடத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாவது பிழை 'சின்ஸ்'. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்': 'சின்ஸ் 2021', 'சின்ஸ் ஜூன்', 'சின்ஸ் ஐ லெஃப்ட் காலேஜ்'. காலத்தின் நீளத்தைச் சொன்னால் 'ஃபார்': 'ஃபார் ஃபோர் இயர்ஸ்', 'ஃபார் எ லாங் டைம்'. ஆக, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

'ஐ வொர்க்டு தேர் ஃபார் ஃபோர் இயர்ஸ்' என்று சொல்லியிருந்தால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றே எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். 'ஒய் டிட் யூ லீவ்?' என்ற அடுத்த கேள்விக்கு நீங்கள் விழிக்க வேண்டியிருக்கும்.

இந்த வேறுபாட்டைக் காசிமேட்டுக்காரர்களுக்கு விளக்குவது எளிது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாத நடுவில் ஒருவர் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் படகுகளைக் காட்டி, 'தி போட்ஸ் ஹேவ் நாட் கான் அவுட் சின்ஸ் ஏப்ரல் 15' என்று சொல்வார். தடை இன்னும் நீடிக்கிறது. அந்த நாளில் அவர் 'ஃபார் எ மன்த்' என்று நீளத்தைச் சொன்னாலும் 'ஹேவ்' மாறாது. ஜூன் கடைசியில், படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பி ஏலமும் சூடுபிடித்துவிட்ட பிறகு, அதே மனிதர் 'தி போட்ஸ் டிட் நாட் கோ அவுட் ஃபார் 61 டேஸ்' என்பார். 'ஃபார்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'ஹேவ்' போட்டுவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

இன்னொரு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோ, லைக், பிலீவ் போன்ற வினைகளைப் 'பீன் நோயிங்', 'பீன் லைக்கிங்' என்று நீட்டுவது வழக்கம் இல்லை. பத்து வருடமாக அவரைத் தெரியும் என்பதற்கு 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

'ஐ ஹேவ் கான் டு டெல்லி ஒன்ஸ்' என்பது தவறு என்கிறார்கள். ஏன்? – காசிமேடு வாசகர்

'கான்' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. 'மை பிரதர் ஹேஸ் கான் டு சீ' என்றால் அண்ணன் இப்போது கடலில் இருக்கிறார். போய்விட்டு வந்ததற்குப் 'பீன்' வர வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் டு டெல்லி ஒன்ஸ்.' டெல்லியில் இருந்துகொண்டா எனக்குக் கடிதம் எழுதினீர்கள்?

'தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதாதே' என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். எனக்கோ தமிழில் நினைக்காமல் ஒரு வாக்கியமும் வருவதில்லை. இந்த டென்ஸுக்குத் தமிழ் உதவவே உதவாதா? – வியாசர்பாடி கல்லூரி மாணவி

உதவும். பேராசிரியரின் அறிவுரையில் நியாயம் உண்டு என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தமிழில் நினைப்பதால் வருவதைவிட, தமிழின் 'இருக்கிறேன்' என்ற ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கவனிக்காமல் விடுவதால் வரும் பிழைகள்தாம் அதிகம்.

பிரசன்ட் பெர்ஃபெக்ட் செய்யும் வேலைகளைத் தமிழ் பல வடிவங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. 'சாப்பிட்டீர்களா?' என்று வீட்டுக்கு வந்தவரைக் கேட்கிறோம். வடிவத்தில் அது வெறும் இறந்தகாலம். ஆனால் நமக்கு வேண்டியது அவர் எப்போது சாப்பிட்டார் என்ற வரலாறு அன்று. இப்போது இலை போடலாமா என்பதே. ஆகவே ஆங்கிலத்தில் 'ஹேவ் யூ ஈட்டன்?' அவர் 'ஆயிற்று' என்கிறார்: 'எஸ், ஐ ஹேவ்.' 'ஆயிற்று' என்று முடியும் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் இந்த டென்ஸுக்கு அப்படியே பொருந்திவிடும். பணம் கட்டியாயிற்று, 'ஐ ஹேவ் பெய்டு'. கடை மூடியாயிற்று, 'தே ஹேவ் க்ளோஸ்டு தி ஷாப்.'

வாழ்நாள் அனுபவத்தைக் கேட்பது வேறு வகை. பாரிமுனைப் பக்கம் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அறிமுகப்படுத்திய அத்தோவைத் தள்ளுவண்டிகளில் விற்கிறார்கள். நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் வெங்காயத்தையும் கையாலேயே பிசைந்து, புளிச்சாறு விட்டு, பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டையை மேலே நொறுக்கிப் போட்டுத் தருவார்கள். வெளியூரிலிருந்து வந்த தோழியிடம் 'நீ அத்தோ சாப்பிட்டதுண்டா?' என்று கேட்பாய் அல்லவா? அந்த 'உண்டா' என்பதற்கு நேர் ஆங்கிலம் 'ஹேவ் யூ எவர் ஈட்டன் அத்தோ?' என்பதுதான். அவள் 'சாப்பிட்டதே இல்லை' என்றால் 'ஐ ஹேவ் நெவர் ஈட்டன் இட்.' 'சாப்பிட்டிருக்கிறேன்' என்றால் 'ஐ ஹேவ் ஈட்டன் இட்.' 'போன பொங்கலுக்கு வந்தபோது சாப்பிட்டேன்' என்று சேர்த்துக்கொண்டால், அந்தச் சேர்க்கை மட்டும் 'ஐ ஏட் இட் லாஸ்ட் பொங்கல்' என்று மாறும். 'உண்டு', 'இல்லை' என்று முடியும் இந்த வடிவங்கள் நேற்று, முந்தாநாள் போன்ற சொற்களைத் தமிழிலும் ஏற்பதில்லை, 'நேற்றுச் சாப்பிட்டதுண்டா?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வகையில் அவை ஆங்கிலத்தின் 'ஹேவ் எவர்' என்பதோடு முழுமையாக ஒத்துப்போகின்றன.

இனி 'இருக்கிறது' என்ற வடிவத்துக்கு வருவோம். விடியற்காலையில் கதவைத் திறந்து தெரு நனைந்திருப்பதைப் பார்க்கிறாய். 'மழை பெய்திருக்கிறது' என்கிறாய். 'இட் ஹேஸ் ரெய்ன்டு' சரியாக வருகிறது. 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்று சொன்னால் தமிழில் குறையில்லை, ஆங்கிலத்தில் 'லாஸ்ட் நைட்' நுழைந்துவிட்டது. அங்கே ஊகத்தைச் சொல்ல வேண்டுமானால் 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்டு லாஸ்ட் நைட்'. உறுதியாகத் தெரியுமானால் 'இட் ரெய்ன்டு லாஸ்ட் நைட்.' ஆகவே தமிழில் நினை. 'இருக்கிறது' வரும்போது மட்டும் பக்கத்தில் காலச் சொல் ஏதும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்.

என் மருமகள் செவிலியர் பயிற்சியில் இருக்கிறாள். 'பேஷன்ட் ஹேஸ் ஹேட் ஃபீவர்' என்று அவள் எழுதியதைப் பார்த்தேன். 'ஹேஸ்', 'ஹேட்' இரண்டும் ஒன்றாக வரலாமா? – திருவொற்றியூர் வாசகி

வரலாம். முதலில் வருவது துணைவினை, அடுத்தது 'உடையதாக இருத்தல்' என்ற பொருளுள்ள முதன்மை வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ ஹேவ் சீன்' என்பதில் 'சீன்' இருக்கும் இடத்தில் இங்கே 'ஹேட்' இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மருமகள் அந்த வடிவத்தைத் தேர்ந்தது மிகச் சரி. 'தி பேஷன்ட் ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்றால் 3 நாளாகக் காய்ச்சல், இப்போதும் இருக்கிறது. 'தி பேஷன்ட் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்று எழுதினால் 3 நாள் காய்ச்சல் இருந்து விட்டுவிட்டது என்று பொருள்படும். இரவுப் பணிக்கு வரும் மருத்துவர் தாளைப் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில் இந்த ஒரு சொல்லை விட்டுவிடுவது சிறிய விஷயம் அன்று. நோயாளிகள் சொல்லும் 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்ற வாக்கியத்தின் பொருள் நம் ஊரில் எல்லாருக்கும் புரியும். குறிப்பேட்டில் எழுதும்போது மட்டும் அதைத் திருத்தி எழுத வேண்டும்.

நான் அமெரிக்க நிறுவனத்துக்கான கால் சென்டரில் இருக்கிறேன். அங்குள்ளவர்கள் 'டிட் யூ ஈட் யெட்?', 'ஐ ஆல்ரெடி டிட் இட்' என்கிறார்கள். 'ஹேவ்' இல்லாமல் பேசுவது அவர்களுக்குப் பிழை இல்லையா? – பெரம்பூர் வாசகர்

அவர்களுக்கு அது பிழை அன்று. 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' ஆகிய மூன்றோடும் பிரிட்டிஷ் வழக்கு 'ஹேவ்' வடிவத்தையே பெரும்பாலும் விரும்புகிறது. அமெரிக்கப் பேச்சுவழக்கு சிம்பிள் பாஸ்டையும் ஏற்றுக்கொள்கிறது. நம் பள்ளி, கல்லூரித் தேர்வுகளில் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுங்கள். தொலைபேசியில் அவர்கள் பேசுவதைப் போலவே பேசினாலும் குற்றமில்லை. 'ஃபார்', 'சின்ஸ்' விஷயத்தில் மட்டும் அமெரிக்கா தனி வழி போகவில்லை. 'ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பது இரண்டு நாட்டிலும் ஒன்றே.

அவர்கள் வேகமாகப் பேசும்போது 'ஹேவ்' காதில் விழாமலே போவதும் உண்டு. 'ஐவ் சீன்', 'தேவ் கான்' என்று அது வெறும் ஒற்றெழுத்தாகச் சுருங்கிவிடும். 'ஹீஸ்' என்பது 'ஹீ இஸ்' ஆகவும் இருக்கலாம், 'ஹீ ஹேஸ்' ஆகவும் இருக்கலாம். பின்னால் 'பீன்' என்றோ 'சீன்' என்றோ மூன்றாம் வடிவம் வந்தால் பெரும்பாலும் 'ஹேஸ்' என்று கொள்ளுங்கள்.

வினையின் மூன்று வடிவங்களையும் மனப்பாடம் செய்தே தீர வேண்டுமா? – எண்ணூர் வாசகர்

ஆமாம், இதற்குக் குறுக்கு வழி இல்லை. 'ஹேஸ் கேம்', 'ஹேவ் வென்ட்' என்று எழுதுபவர்களுக்கு டென்ஸ் தெரியாமல் இல்லை. மூன்றாம் வடிவம் தெரியவில்லை. பெரும்பாலான வினைகள் 'வொர்க்டு', 'அரைவ்டு' என்று இரண்டாம் வடிவத்தையே மூன்றாவதாகவும் வைத்துக்கொள்கின்றன, அவற்றை விட்டுவிடுங்கள். 'கட்', 'புட்', 'ஹிட்' ஆகியவை மூன்றிலும் மாறாதவை, அவற்றையும் விட்டுவிடுங்கள். 'கம், கேம், கம்', 'கோ, வென்ட், கான்', 'சீ, சா, சீன்', 'டேக், டுக், டேக்கன்', 'ரைட், ரோட், ரிட்டன்' என்று தனித்தனியே மாறுபவற்றில் அன்றாடம் பயன்படுபவை அதிகம் இல்லை. அவற்றை மட்டும் 'ஐ ஹேவ்' என்பதோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தனிச் சொல்லாகப் படித்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும்.